பட்டம் விட்டது பிராங்க்ளின்தானா?

சான்றெங்கே: நேத்து இங்க ஒருத்தர் "பெஞ்சமின் பிராங்க்ளின் விட்ட பட்டத்துல இடி விழுந்துச்சு, அப்படித்தான் கரண்டைக் கண்டுபிடிச்சார்"னு எழுதியிருந்தார். படிச்சதுல இருந்து மனசு ஆறலை. இடி விழுந்திருந்தா மனுஷன் அங்கேயே கரிக்கட்டை. 1790 வரைக்கும் எப்படி இருந்திருப்பார்? நான் இன்னொண்ணும் கேக்கிறேன்: அவர் பட்டமே விட்டாரா? 1752 அக்டோபர் 19 பென்சில்வேனியா கெசட், அவரோட சொந்தப் பத்திரிகை. பட்டம் எப்படிச் செய்யணும், எப்படிப் பிடிக்கணும்னு எல்லாம் போட்டிருக்கு. மின்னலும் கரண்டுதான்னு காட்டுற சோதனை பிலடெல்பியாவுல பலிச்சதுன்னு இருக்கு. "நான் செஞ்சேன்"னு ஒரு வார்த்தை இல்லை.

கம்பத்துக்காரன்: எழுதினது நான்தான். இடி விழுந்துச்சு, கரண்டைக் கண்டுபிடிச்சார்னதெல்லாம் பேச்சுவழக்குல சொன்னது, அதைப் பிடிச்சுத் தொங்க வேணாம். பட்டுத் துணியில பட்டம், உச்சியில ஒரு அடிக்கு மேல நீட்டின கூர்க்கம்பி, கீழ சணல் கயிறு. கயிறு நனைஞ்சா கரண்டைக் கடத்தும். கைப்பிடிக்குப் பட்டு ரிப்பன், அது நனையக் கூடாதுன்னு வாசலுக்கு உள்ளே நிக்கணும்னு எழுதுறார். கயிறும் பட்டும் சேர்ற இடத்துல சாவி. கயிற்றுப் பிசிறெல்லாம் சிலிர்த்து நிக்கும், விரல் முட்டியைச் சாவிகிட்டக் கொண்டுபோனா பொறி பறக்கும்ங்கிறார். இருபது வருஷமா லைன்ல ஏறுறவன் நான். சப்ளையை நிறுத்தின லைன்தானேன்னு எர்த் போடாம ஒருநாள் தொட்டேன். பக்கத்து லைன் இதுல ஏத்தி வச்சிருந்த கரண்டு தோள் வரைக்கும் உதறிருச்சு, முழங்கை மயிர் அத்தனையும் நட்டுக்கிச்சு. அந்தப் பிசிறைக் கண்ணால பாக்காதவன் எழுத முடியாது தம்பி.

சான்றெங்கே: உங்க முழங்கை மயிர் 1752-க்குச் சாட்சி இல்லை அண்ணே. "நான்" எங்கே?

ஈயஎழுத்து: அச்சுக்கூடத்துல எழுத்துக் கோத்தவன் சொல்றேன். 16 வயசுல அண்ணன் ஜேம்ஸோட பத்திரிகைக்கு "சைலன்ஸ் டூகுட்"னு ஒரு விதவை பேர்ல எழுதி, ராத்திரி கதவிடுக்குல சொருகிட்டுப் போனவர் அவர். பஞ்சாங்கம் போட்டப்ப "ரிச்சர்ட் சாண்டர்ஸ்"னு பேர் வச்சுக்கிட்டார். "நான்"ஐ ஒளிச்சு எழுதுறது அவருக்குக் கைவந்த கலை. அப்புறம், தன்வரலாறு வாசிச்சிருக்கீங்களா? பிலடெல்பியாவுல பட்டத்தை வச்சு நான் செஞ்ச சோதனை பலிச்சதுல அளவில்லாத சந்தோஷம்னு அவரே எழுதியிருக்கார். இந்தாங்க உங்க "நான்".

சான்றெங்கே: அந்தப் பகுதி 1788-ல எழுதினது. 36 வருஷம் கழிச்சு வர்ற "நான்" எனக்கு வேணாம். பட்டம் விட்டது ஜூன் மாசம்ங்கிறதே 1767-ல பிரீஸ்ட்லிங்கிற விஞ்ஞானி எழுதித்தான் தெரியும். கூட இருந்தது மகன் வில்லியம் ஒருத்தர்தான். படத்துல எல்லாம் அரைக்கால் சட்டைப் பையனா வரைவாங்க, அவருக்கு அப்ப இருபதைத் தாண்டிருச்சு! அதோட, மே 10-ஆம் தேதியே பிரான்ஸ்ல மார்லி ஊர்ல தாலிபார்ங்கிற விஞ்ஞானி நட்ட இரும்புக் கம்பியில பொறி எடுத்தாச்சு. சேதி கப்பல்ல வந்தப்புறம் "இங்கேயும் பலிச்சது"ன்னு எழுத எத்தனை நேரம் ஆகும்?

கம்பத்துக்காரன்: அந்தக் கம்பி யோசனையே பிராங்க்ளின் எழுதினது! அவர் புத்தகத்தைப் பிரெஞ்சுல போட்டதும் அதே தாலிபார்தான். வேணும்னே அதை விட்டுட்டுப் பேசுறீங்க. முன்னாடி இங்க நடந்த டெஸ்லா சண்டையிலயும் இதையேதான் செஞ்சீங்க, நான் மறக்கலை.

சான்றெங்கே: டெஸ்லா சண்டையில பதில் சொல்லாம ஓடினது யாருன்னு எல்லாருக்கும் தெரியும். 1752-ல "நான்" எங்கே?

தாழ்வாரம்: மகன் பேச்சு வந்ததால சொல்றேன். அதே வில்லியம் பின்னால நியூ ஜெர்சி ஆளுநராகி, அமெரிக்க விடுதலைப் போர்ல இங்கிலாந்து அரசர் பக்கம் நின்னார். "என் ஒரே மகன் முதுமையில என்னைக் கைவிட்டது மாதிரி வேற எதுவும் வலிச்சதில்லை"ன்னு 1784-ல அப்பா கடிதம் எழுதினார், கடைசி வரை மனசு இறங்கலை. இவரைப் போய்த் தெய்வமாக்குறீங்க. வீட்டுல அடிமைகளை வச்சிருந்தார், அவர் பத்திரிகையிலேயே அடிமை விற்பனை விளம்பரம் வந்துச்சு. அதைப் பத்தி இங்க ஒருத்தரும் வாய் திறக்கலை.

ஈயஎழுத்து: தங்கச்சி, பாதியோட நிறுத்தாதீங்க. 1787-ல அடிமை ஒழிப்புச் சங்கத்துக்குத் தலைவரானார். 1790 பிப்ரவரியில அடிமை முறையை ஒழிக்கச் சொல்லி அமெரிக்கக் காங்கிரசுக்குப் போன மனுவுல அவர் கையெழுத்து இருக்கு. ஏப்ரல்ல இறந்துட்டார்.

தாழ்வாரம்: 81 வயசுல வந்த ஞானம். அடிமையா இருந்தவங்களுக்கு அந்த இடைப்பட்ட வருஷங்களை யார் திருப்பிக் குடுத்தா? என்னைத் தங்கச்சின்னு கூப்பிடவும் வேணாம்.

சான்றெங்கே: பேச்சைத் திசை திருப்பாதீங்க. கேள்வி ஒண்ணுதான்.

கம்பத்துக்காரன்: 1753-ல செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல ரிஷ்மான்னு ஒரு விஞ்ஞானி இடியைச் சோதிக்கப் போய் அடிபட்டுச் செத்தார். பிராங்க்ளினுக்கு அந்த வருஷம்தான் லண்டன் ராயல் சொசைட்டிங்கிற அறிவியல் சங்கம் காப்ளி பதக்கம் குடுத்துச்சு. சும்மாவா குடுத்தாங்க? இன்னைக்கு ஒவ்வொரு கட்டடத்துலயும் நிக்கிற இடிதாங்கி யாரோடது? அவர் அதுக்குக் காப்புரிமைகூட வாங்கலை.

சான்றெங்கே: பதக்கத்துலயும் இடிதாங்கியிலயும் பட்டம் இல்லை அண்ணே. 1752 அக்டோபர் 19. அந்தப் பத்தியில "நான்" எந்த வரியில இருக்குன்னு காட்டுங்க.

கம்பத்துக்காரன்: பிசிறு இருக்கிற வரியைத் திரும்பப் படிங்க.