ஸ்டேட் மெஷின் படத்திலிருந்து சி கோட் எடுக்க எந்த டூல் நல்லது?

வணக்கம். தொண்டி பக்கத்தில் எங்கள் மாமாவின் இறால் பண்ணைக்கு ஏரேட்டர் (குட்டைத் தண்ணீரில் காற்றைக் கலக்கும் மெஷின்) கன்ட்ரோலர் செய்கிறேன், போர்டு ஈஎஸ்பி32 என்ற சின்ன மைக்ரோகன்ட்ரோலர். ஓய்வு, ஓட்டம், கரண்ட் போனது, ஜெனரேட்டர் என்று ஸ்டேட் மெஷின் படத்தை (எந்த நிலையிலிருந்து எப்போது எந்த நிலைக்குப் போகும் என்று காட்டும் படம்) பிளான்ட்யூஎம்எல் என்ற படம் வரையும் டூலில் வரைந்துவிட்டேன், ஆனால் அது சி கோட் தராது.

ஒவ்வொரு நிலைக்கும் கையாலேயே சி-யில் ஸ்விட்ச் கேஸ் எழுதலாம்தான். சிக்கல் என்னவென்றால், ‘ஓட்டம்’ நிலைக்குள்ளேயே பாதி ஓட்டம், முழு ஓட்டம் என்று உள்நிலைகள் இருக்கின்றன, கரண்ட் போய்த் திரும்பும்போது விட்ட இடத்திலிருந்தே தொடர வேண்டும். டேவிட் ஹாரெல் 1987இல் ஸ்டேட்சார்ட் (நிலைக்குள் நிலை வைக்கக்கூடிய ஸ்டேட் மெஷின் படம்) பற்றி எழுதிய கட்டுரையிலேயே இதற்கு ஹிஸ்டரி என்ற வழி இருக்கிறது. விடியற்காலையில்தான் குட்டையில் ஆக்சிஜன் ரொம்பக் குறையும், அப்போது ஏரேட்டர் நின்றால் இறால் மிஞ்சாது, அதனால் படத்தில் இருப்பதும் போர்டில் ஓடுவதும் ஒன்றாகவே இருந்தாக வேண்டும்.

ஸ்டேட் மெஷின் படம் வரையும் க்யூஎம் என்ற டூலைப் பார்த்தேன், சி கோட் தருகிறது, ஆனால் அதனுடைய க்யூபி ஃபிரேம்வொர்க்கையும் சேர்த்தே எடுக்க வேண்டும். ஸ்டேட் மெஷினை எக்ஸ்எம்எல்லாக எழுதும் முறையான, 2015இல் டபிள்யூ3சி (வலைத் தரங்களை வகுக்கும் அமைப்பு) தரமாக வந்த எஸ்சிஎக்ஸ்எம்எல்லில் ஹிஸ்டரி உண்டு; அதைச் சி ஆக்கித் தரும் இலவச டூலை யாராவது நிஜ போர்டில் ஓட்டியிருக்கிறீர்களா? அப்புறம், படத்தை மாற்றி மறுபடி ஜெனரேட் செய்தால் நான் எழுதிய ரிலே, சென்சார் ஃபங்ஷன்கள் அழியக்கூடாது. அதை எப்படிப் பிரித்து வைக்கிறீர்கள்?