பினாங்கு போனா சாக்லேட்டா, பாத்திக்கா?

காரைக்குடி பையன்: அடுத்த மாசம் குடும்பத்தோட மலேசியாவுல கோலாலம்பூர், பினாங்கு போறோம். சொந்தக்காரங்களுக்கு அந்த ஊர்க் கைவேலையா பாத்து வாங்கணுங்கறேன் நான், ஏர்போர்ட்ல சாக்லேட்டும் தைலமும் வாங்குனா போதும்ங்கறாங்க அம்மா. எது சரி?

தேவகோட்டைக்காரன்: அம்மா சொல்றதுதான் சரி தம்பி. நான் போன தடவ பாத்திக் சட்டை, அதான் மெழுகு வச்சு சாயம் போடுற அந்த ஊர்த் துணி, நாலு எடுத்தேன், பேரம் பேசிப் பாதி வெலைக்கு வாங்கிட்டு வீட்டுக்கு வந்து உள்பக்கம் திருப்பிப் பாத்தா வெளுத்துக் கெடக்கு, மெஷின் பிரிண்டு. வயிறு எரிஞ்சிருச்சு. அந்தக் காசுக்கு ஒரு கண்டாங்கி எடுத்திருந்தா நம்ம ஊர்த் தறிக்காரருக்குப் போயிருக்கும், 2019லயே புவிசார் குறியீடு வாங்குன சேலை அது.

கோட்டையூர் ஆச்சி: கடையிலயே திருப்பிப் பாத்திருக்கணும் தம்பி. மெழுகு வச்சு சாயம் போட்ட துணின்னா ரெண்டு பக்கமும் கலர் ஏறியிருக்கும். கையால வரையிறதும் உண்டு, செப்பு அச்சுல மெழுக ஒத்துறதும் உண்டு, ரெண்டுமே அசல்தான், அச்சு வெல கம்மி. எங்க ஆயா கல்யாணச் சாமான்ல ஒரு பர்மா அரக்குப் பெட்டி இருக்கு, கொண்டுவிக்க, அதான் கடல் கடந்து தொழில் பாக்க, போன ஐயா ரங்கூன்லருந்து கொண்டாந்தது. மூங்கில சீவிப் பின்னி அது மேல மரப்பாலு தடவித் தடவிக் காயவச்சது, மூடி விளிம்புல செவப்பு தேஞ்சு அடியில கறுப்புத் தெரியுது, இன்னும் ஒரு கீறல் விடல. ஐயா அன்னைக்கி மிட்டாய் வாங்கியாந்திருந்தா இன்னைக்கி என்ன இருக்கும்?

தேவகோட்டைக்காரன்: ஐயாமாரு வருஷக்கணக்குல அங்கயே இருந்தாக, பாஷை தெரியும், செய்யுறவன் யாருன்னு தெரியும். நாம போறது நாலு நாளு ஆச்சி, கைடு கூட்டிட்டுப் போற கடைதான், அவருக்குக் கமிஷன். அப்பறம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போய்ப் பாருங்க, அவுக ஆசையா கொண்டாந்த மங்குச் சாமானும் அரக்குப் பெட்டியும் பழைய சாமான் கடையில அடுக்கியிருக்கு. பேரப்பிள்ளைக வித்ததுதான் எல்லாம்.

ஆத்தங்குடி பட்டறை: அண்ணே, எங்களுக்கு டைல் பட்டறை, அதனால சொல்றேன். வெளிநாட்டுக்காரங்க இங்க வந்து, கண்ணாடி மேல அச்ச வச்சு கலர் ஊத்துறத நின்னு பாக்குறாங்க, சூளையே இல்லாம தண்ணில ஊறப்போட்டு காயவச்சா இந்தப் பளபளப்பு கண்ணாடியாலயே வருதான்னு தடவித் தடவிப் பாத்துட்டு, அவ்ளோ கனத்தையும் பைல தூக்கிட்டுப் போறாங்க. அவங்களும் ஏர்போர்ட் சாக்லேட்டு போதும்னு நெனச்சா எங்க பொழப்பு என்னாகும்? அங்க மெழுகு ஒத்துறவனுக்கும் அதே பொழப்புதானண்ணே. தம்பி, கைடு காட்டுற கடைய விட்டுட்டு பட்டறைக்கே போங்க, பினாங்குல தெலுக் பகாங் பக்கம் பாத்திக் பட்டறை இருக்கு.

தேவகோட்டைக்காரன்: பட்டறையில நின்னு பாத்து வாங்குறதுன்னா நான் தடுக்கல, எனக்குக் கோவம் டூரிஸ்ட் கடை மேலதான். ஆனா கண்டாங்கிக்கு அப்பறந்தான் எனக்கு மத்தது. திங்கிற சாமான்னா தாராளமா வாங்கு தம்பி, பினாங்கு ஜாதிக்கா ஊறல், ஈப்போ வெள்ளைக் காபி ரெண்டும் நல்லாருக்கும்.

கோட்டையூர் ஆச்சி: நம்ம விருந்துல வைக்கிற கவுனியரிசியும் பர்மாலருந்து வந்ததுன்னுதான பெரியவுக சொல்லுவாக!

காரைக்குடி பையன்: அம்மாட்ட படிச்சுக் காமிச்சேன். அவங்களுக்கு ஜாதிக்கா, அப்பத்தாவுக்குப் பட்டறையில ஒரு பாத்திக். சாக்லேட்டு பிள்ளைகளுக்கு மட்டும்.