11 படுக்கையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை எப்படி நிலைத்தது?

விழித்திரை_மாணவி:
வணக்கம். ஆப்டோமெட்ரி (கண் பார்வை பரிசோதனைப் படிப்பு) இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கண் மருத்துவமனைகளின் வரலாறு பற்றி வகுப்பில் பேச வேண்டும், அரவிந்தை எடுத்துக்கொண்டேன். 1976-ல் மதுரையில் ஒரு வீட்டில் 11 படுக்கையோடு ஆரம்பித்தார்கள் என்பது எல்லா இடத்திலும் கிடைக்கிறது. அப்புறம் எல்லாரும் ஒரே தாவலாக லட்சக்கணக்கான அறுவை சிகிச்சைக்குப் போய்விடுகிறார்கள். நடுவில் என்ன நடந்தது? பணம் யாருடையது? கற்பிக்கும் மருத்துவமனையாக எப்போது மாறியது? அந்தக் காலத்தைப் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

போடி வாத்தியார்:
நல்ல கேள்விம்மா. நான் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். எண்பதுகளில் எங்கள் பள்ளியில் அரவிந்தின் கண் முகாம் நடக்கும். பெஞ்சு நகர்த்துவதிலிருந்து பேர் எழுதுவது வரை எங்கள் பொறுப்பு.

முதலில் அரவிந்தைத் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமியைத் தெரிந்துகொள். எட்டயபுரம் பக்கம் விவசாயக் குடும்பம், 1918-ல் பிறந்தவர். மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்று ஆசைப்பட்டவர். ராணுவ மருத்துவப் பணியில் இருந்து வந்தவரை முடக்குவாதம் படுக்கையில் போட்டுவிட்டது. விரல்கள் கோணிப்போய் பேனா பிடிக்கவே முடியாத நிலை. அதிலிருந்து எழுந்து கண் மருத்துவம் படித்தார், அந்தக் கையாலேயே கத்தி பிடிக்கப் பழகினார். தன் வாழ்நாளில் அவர் செய்த அறுவை சிகிச்சை ஒரு லட்சத்துக்கு மேல். மதுரைப் பெரியாஸ்பத்திரியில் கண் பிரிவுத் தலைவர், மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர். ஆஸ்பத்திரி கட்டும் முன்பே அவர் ஆசிரியர், அதனால் கற்பிப்பது எப்போது வந்தது என்று தேதி தேடாதே.

பணத்துக்கு வருவோம். வங்கிக் கடன் கிடைக்கவில்லை. குடும்பமே நகையை அடகு வைத்தது. தங்கை டாக்டர் நாச்சியாரும் அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமியும் கூட நின்றார்கள். அந்த 11 படுக்கையிலேயே கட்டணம் தருபவர்களும் தர முடியாதவர்களும் இருந்தார்கள். கட்டணத்தில் மிஞ்சியது இலவசத்துக்குப் போனது. 1978-ல் இலவசப் பிரிவுக்குத் தனிக் கட்டடம், 1981-ல் பெரிய ஆஸ்பத்திரி. கையில் காசு சேரச் சேர மாடி ஏறியது. இரண்டு பக்கத்திலும் அதே டாக்டர்கள்தான். காசு கொடுத்தவருக்கு அறை வேறு, படுக்கை வேறு. கண்ணில் செய்யும் வேலை ஒன்றே. என்னைக் கேட்டால் அரவிந்தின் மொத்த வரலாறும் இதில்தான் இருக்கிறது.

முகாமைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆரம்பத்தில் கண்ணைப் பார்த்து, "புரை முத்திவிட்டது, மதுரைக்கு வாங்க, ஆபரேஷன் இலவசம்" என்று சொல்லி அனுப்பினார்கள். பலர் போகவில்லை. பஸ் காசு, அங்கே சாப்பாடு, துணைக்கு வரும் ஆளுக்குப் போகும் கூலி, எல்லாவற்றுக்கும் மேல் பயம். அப்புறம்தான் பஸ்ஸும் சாப்பாடும் ஆஸ்பத்திரி பொறுப்பாயின. ஒரே ஊர்க்காரர்கள் ஒரே பஸ்ஸில் சேர்ந்து போவார்கள். பக்கத்து வீட்டுக்காரி துணைக்கு இருந்தால் பயம் பாதியாகிவிடும். எங்கள் பள்ளி வாசலில் ஒரு பாட்டி பஸ் படியில் கால் வைத்துவிட்டு இறங்கிவிட்டார். உள்ளேயிருந்து அவர் நாத்தனார், "ஏய், நான் இங்கதான் இருக்கேன், ஏறு" என்று சத்தம் போட்டதும்தான் ஏறினார். பந்தல், விளம்பரம், ஆள் திரட்டுவது எல்லாம் அரிமா சங்கம், ரோட்டரி மாதிரி உள்ளூர்க்காரர்கள் வேலை.

முன்னாள்_சிஸ்டர்:
வாத்தியார் ஐயா சொன்னதில் ஒன்று விட்டுப்போயிற்று. டாக்டர்களை மட்டும் பேசிவிட்டு அங்கே வேலை பார்த்த சிஸ்டர்களான எங்களை விட்டுவிடுகிறார்கள். பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களை எடுத்து இரண்டு வருஷம் பயிற்சி தருவார்கள். பார்வை அளப்பது, கண்ணழுத்தம் பார்ப்பது, நோயாளியிடம் பேசித் தைரியம் சொல்வது, தியேட்டர் வேலை எல்லாம் நாங்கள்தான். ஒரு டாக்டருக்கு இரண்டு மேஜை. ஒன்றில் அவர் அறுவை செய்துகொண்டிருக்கும்போதே அடுத்த மேஜையில் நோயாளியைப் படுக்க வைத்து, கண்ணைச் சுத்தம் செய்து, துணி போர்த்தித் தயாராக வைத்திருப்போம். அவர் முடித்ததும் மைக்ராஸ்கோப்பைத் திருப்பினால் போதும். டாக்டர் சும்மா நிற்கும் நேரமே இருக்காது. செலவு குறைந்ததற்கு இதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்வேன். தங்கச்சி, வகுப்பில் பேசும்போது எங்களையும் மறக்காமல் சொல்லும்மா.

எழும்பூர்_டாக்டர்:
ஒரு பின்னணி சேர்க்கிறேன். லண்டனில் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனை 1805-ல் நன்கொடையில் தொடங்கியது. எகிப்துப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் கண்நோயோடு வந்து, அது நகரத்தில் பரவிய காலம். 1819-ல் சென்னையில் கண் மருத்துவமனை வந்தது, இன்றைய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை அதுதான். வெங்கடசாமி கண் மருத்துவம் படித்தது சென்னையில். ஆக அரவிந்த் வெறும் நிலத்தில் முளைக்கவில்லை. அரசு மருத்துவக் கல்வி உருவாக்கிய ஒருவர் வெளியே வந்து கட்டியது அது.

கற்பிப்பது பற்றி: கண் அறுவையில் கை பழகுவதற்கு எண்ணிக்கை வேண்டும். முதலில் ஆட்டுக் கண்ணில் பழகி, பிறகு மூத்தவர் பக்கத்தில் நிற்க ஒவ்வொரு கட்டமாகச் செய்வார்கள். நோயாளிகள் அதிகம் வரும் இடத்தில் பயிற்சி மருத்துவர் சீக்கிரம் தேறுவார், தேறியவர் இன்னும் பலருக்குச் செய்வார். 1992-ல் லைகோ என்ற பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கி, மருத்துவமனையை எப்படி நடத்துவது என்பதையே மற்ற நாட்டு மருத்துவமனைகளுக்கும் சொல்லித்தந்தார்கள்.

விழித்திரை_மாணவி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சிஸ்டர் அக்கா, உங்கள் பகுதியைத் தனியாகவே பேசப்போகிறேன். ஐயா, லென்ஸ் விஷயம் எங்கே வருகிறது?

போடி வாத்தியார்:
அதுவும் 1992-தான்ம்மா. அதற்கு முன் முகாமில் ஆபரேஷன் ஆனவர்களுக்குப் பெரும்பாலும் சோடாபுட்டிக் கண்ணாடிதான். அது உடைந்தாலோ தொலைந்தாலோ பழையபடி தடவிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். புரை விழுந்த லென்ஸை எடுத்த இடத்தில் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்தது, ஒன்று 100 டாலர் அளவில் விலை. ஏழைக்கு எப்படி வைப்பது? அரோலேப் என்று சொந்தமாகத் தொழிற்சாலை போட்டு, சுமார் 10 டாலருக்குக் கொண்டுவந்தார்கள். அப்புறம் விலை இன்னும் இறங்கியது. எங்கள் முகாமில் பேர் எழுதிப் போனவர்களும் கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைத்துக்கொண்டு திரும்ப ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.