பழைய கதவு சுரண்டிய தூசியை மூன்று நாள் பெருக்கினேன், இப்போது கர்ப்பத்தின் பத்தாவது வாரம்

கும்பகோணத்து மருமகள்:

முதல் குழந்தை. மாமியார் வீட்டில் இருக்கிறேன். ஓட்டு வீடு, தாத்தா காலத்துக் கதவுகள், கம்பி போட்ட ஜன்னல்கள். பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தார்கள். சுவர் ஒரே நாளில் முடிந்துவிட்டது. கதவு, ஜன்னலுக்குத்தான் மூன்று நாள். மேலே பச்சை எனாமல், அதற்கடியில் நீலம், அதற்கும் அடியில் மஞ்சள் என்று உரிக்க உரிக்க வந்துகொண்டே இருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் கூடமெல்லாம் பச்சை மாவு. மாமியாருக்கு முட்டிவலி, குனிய முடியாது. மூன்று நாளும் நான்தான் பூந்துடைப்பத்தால் பெருக்கினேன். மூன்றாம் நாள் சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் கைக்குட்டையில் பச்சை. அப்போதுதான் பயம் பிடித்தது.

இரவு போனில் தேடினேன். தேடியிருக்கக் கூடாது. பழைய பெயிண்டில் ஈயம், குழந்தையின் மூளை என்று இரண்டு வரி படித்ததுமே மூடிவிட்டேன். அதற்குள் என் நிலைமை போனுக்குத் தெரிந்துவிட்டது. கொசுவத்தி, பினாயில், அந்துருண்டை, மைக்ரோவேவ் என்று ஒவ்வொன்றாக அதுவே கொண்டுவந்து கொட்டுகிறது.

மாமியாரிடம் சொன்னால் "நாங்கல்லாம் பெத்துக்கலையா" என்கிறார். அவர் பெற்றது நான்கு. நான்கும் நன்றாக இருக்கின்றன, அதில் ஒன்றைத்தான் கட்டியிருக்கிறேன், என்ன சொல்வது? டாக்டரிடம் போன முறை வேறு ஏதோ கேட்டதற்கு "டென்ஷன் ஆகாதீங்கம்மா" என்று சொல்லி அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

இதில் எதற்கு நிஜமாகவே பயப்பட வேண்டும், எதை விட்டுவிடலாம்? அதை மட்டும் யாராவது சொல்லுங்கள்.

---

பிரஷ் பிடிப்பவன்:

தங்கச்சி, இருபத்திரண்டு வருஷமாக எனக்கு இதுதான் வேலை. சுவரை விடுங்கள், சுண்ணாம்பில் அந்தக் கவலை இல்லை. எனாமல்தான் விஷயம், அதிலும் மஞ்சளும் பச்சையும். அந்தக் காலத்தில் மஞ்சளுக்குப் போட்ட குரோம் மஞ்சள் என்பதே ஈயம் சேர்ந்த பொடி. அதோடு நீலத்தைக் கலந்துதான் பச்சை எடுப்பார்கள். ஜன்னல் கம்பியில் கடைசிப் பூச்சு எந்த நிறம் என்று பாருங்கள். பளிச்சென்ற ஆரஞ்சுச் சிவப்பு என்றால் அது ரெட் லெட், அதுவும் ஈயம். செங்கல் நிறம் என்றால் ரெட் ஆக்சைடு, அது துரு வகை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். உங்கள் கதவில் அதற்கு முந்தைய பூச்சு எத்தனை என்று நீங்களே எண்ணிவிட்டீர்கள்.

உப்புத்தாளை உலர்வாகப் போட்டது எங்கள் ஆள் செய்த தப்பு. தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரில் தேய்த்தால் மாவு பறக்காது, சேறாக வழியும், துணியால் வழித்துவிடலாம். ஆனால் நேரம் இரண்டு மடங்கு, கூலி அதேதான். அதனால் யாரும் செய்வதில்லை, நானும் ரொம்ப நாள் செய்ததில்லை.

இனிமேல் துடைப்பத்தைத் தொடாதீர்கள், பெருக்கினால் அடங்கிய தூசி மறுபடி எழும்பும். உங்கள் வீட்டுக்காரரை ஈரத் துணியும் வாளியுமாக இறங்கச் சொல்லுங்கள். தரை மட்டும் போதாது. ஜன்னல் படி, கதவு நிலை, பரண், கொடியில் கிடந்த துணி எல்லாம். தண்ணீரை அடிக்கடி மாற்ற வேண்டும். வாசலில் கொட்டினால் அது காய்ந்து உள்ளேயே வரும், கழிவறையில் ஊற்றச் சொல்லுங்கள். அது முடிகிறவரை நீங்கள் அம்மா வீட்டில் இருங்கள்.

நானே இப்போது சாயங்காலம் வேலைச் சட்டையைத் திண்ணையில் கழற்றிப் போட்டுவிட்டு, குளித்த பிறகுதான் பேத்தியைத் தூக்குகிறேன்.

---

லேப் கவுண்டர் 2:

அண்ணன் சொன்னது சரி. சுத்தம் செய்வதோடு நிற்காமல், ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று பார்க்கும் பிளட் லெட் பரிசோதனையும் செய்துவிடுங்கள். டோக்கன் போட்டு உட்கார்ந்து, "பழைய எனாமல் தூசியை மூன்று நாள் பெருக்கினேன், பிளட் லெட் எழுதிக் கொடுங்கள்" என்று ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். பொதுவாகப் பயமாக இருக்கிறது என்றால் டென்ஷன் வேண்டாம் என்பார்கள். எந்தப் பொருள், எத்தனை நாள் என்று சொன்னால் பேனாவை எடுப்பார்கள். கை நரம்பில்தான் ரத்தம் எடுப்போம். சின்ன லேபில் இதற்கு மெஷின் இருக்காது, வெளியூருக்கு அனுப்பி வாங்குவோம்.

ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால், எங்கிருந்து ஏறுகிறது என்று பார்த்து நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்குக் கீழே எவ்வளவு இருந்தாலும் பரவாயில்லை என்று அர்த்தம் இல்லை. ஈயத்தில் பத்திரமான அளவு என்று ஒன்று கிடையாது. ரத்தத்தில் இருப்பது பாதியாக ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும், ஒரு பங்கு எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் தள்ளிப்போடாமல் இப்போதே பாருங்கள்.

கால்சியமும் இரும்பும் குறைந்த உடம்பு ஈயத்தைக் கூடுதலாக இழுக்கும். மாத்திரை கொடுத்தால் விடாமல் போடுங்கள், ஆனால் கால்சியத்தையும் அயர்னையும் ஒரே வேளையில் விழுங்காதீர்கள். உடம்பு தேறட்டும் என்று யாராவது உலோகம் சேர்ந்த செந்தூரமோ பற்பமோ வாங்கி வந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடவே தொடாதீர்கள். மைக்ரோவேவா? சாதத்தைச் சூடாக்குகிறது, அவ்வளவுதான்.

---

அய்யம்பேட்டை அத்தை:

கண்ணு, மாமியார் சொல்வதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. நானும் என் மருமகளிடம் அதையேதான் சொன்னேன், அப்புறம் வாயை மூடிக்கொண்டேன்.

கொசுவத்திச் சுருள் வேண்டாம். ஒரு சுருளிலிருந்து வருகிற நுண்தூசி 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-இல் ஒரு ஆய்வு வந்தது, என் மகன்தான் படித்துக் காட்டினான். அதற்காகக் கொசுவிடம் கடி வாங்காதே, இந்த நேரத்தில் டெங்கு வந்தால் அது இன்னும் மோசம். வலை கட்டிக்கொள். பகலில் தூங்கினாலும் கட்டு, டெங்குக் கொசு பகலில்தான் கடிக்கும்.

பினாயில் வாசனை குமட்டினால் வேறு யாராவது கழுவட்டும், அவ்வளவுதான். ஆனால் பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் பாத்ரூம் ஆசிட்டை ஊற்றவே கூடாது. குளோரின் புகை கிளம்பும், நெஞ்சை அடைத்துவிடும். அது பிள்ளைத்தாய்ச்சிக்கு மட்டும் சொல்வதில்லை.

அந்துருண்டையைப் பற்றி நீ கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை, சும்மா பட்டியலில் சேர்த்துவிட்டாய். அதற்குத்தான் நான் எழுதவே வந்தேன். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போவாய், தூளி கட்ட அம்மா பீரோவிலிருந்து பழைய பருத்திச் சேலையை எடுப்பார்கள். பத்து வருஷம் அந்துருண்டையோடு கிடந்த சேலை. பிறவியிலேயே ஜி6பி.டி. என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகள் உண்டு, அவர்களுக்கு அந்த நெடி பட்டால் ரத்த அணு உடைந்து மஞ்சள் காமாலை கடுமையாக வரும். எந்தக் குழந்தைக்கு அது இருக்கிறது என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. இப்போதே அம்மாவுக்குப் போன் போடு. தூளிச் சேலை, தொப்பித் துணி, போர்த்துகிற துணி எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் துவைத்து, நெடி சுத்தமாகப் போகிறவரை பல நாள் வெயிலில் போடச் சொல். திரும்பப் பீரோவில் வைக்கக் கூடாது. உருண்டையையும் நீ போவதற்குள் எடுத்துவிடச் சொல்.

---

கும்பகோணத்து மருமகள்:

பதினெட்டு நாள் கழித்து எழுதுகிறேன். "பிளட் லெட்" என்றதும் டாக்டர் நிமிர்ந்து பார்த்து, எழுதியும் கொடுத்தார். ரிசல்ட் நேற்று வந்தது, 2.3. இத்தோடு தூசியை நிறுத்தினால் போதும், பிறகு ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஸ்கேனும் முடிந்தது, எல்லாம் சரியாக இருக்கிறதாம்.

நான் ஆறு நாள் பாபநாசத்தில் அம்மா வீட்டில் இருந்தேன். கணவர் இரண்டு நாள் லீவு போட்டுத் துடைத்தார். பரணைத் துடைத்த துணியைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார், முழுக்கப் பச்சை. ஜன்னல் கம்பியில் கடைசியாக இருந்தது செங்கல் நிறம்தான், அண்ணன்.

அத்தை, பீரோவைத் திறந்ததும் எனக்கே கண் எரிந்தது. தூளிக்கென்று அம்மா எடுத்து வைத்திருந்த சேலை என்னைப் போட்டு ஆட்டியதாம். அந்துருண்டை அதன் மடிப்புக்குள்ளேயே நாலு கிடந்தது. இப்போது மாடிக் கொடியில் தொங்குகிறது.

மீதி இரண்டு கதவை வாட்டர் பேப்பரில்தான் தேய்க்க வேண்டும் என்று பேசி, ஒரு நாள் கூலி கூடுதலாகக் கொடுத்தோம். வேலை செய்த அண்ணனையும் ரத்தம் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். சிரித்துவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தார். மாமியார்தான் "மொதல்ல கையைக் கழுவுப்பா" என்று சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்.