நிற்கிற தேக்கு: பட்டைக்கு எவ்வளவு கழிப்பது?

வணக்கம். திருவையாறு பக்கம் எங்கள் பட்டா நிலத்தில், வரப்போரம் 112 தேக்கு. 2003-ல் அப்பா நட்டது. நிற்கிறபடியே விலை பேச வந்த வியாபாரி 650 கன அடிதான் தேறும் என்கிறார். என் கணக்கில் 980.

தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் எல்லா மரத்தையும் டேப்பால் அளந்தேன். சுற்றளவு சராசரி 38 அங்குலம். நேரான அடிமரம் 14 அடி. சுற்றளவில் கால் பங்கை வர்க்கமாக்கி நீளத்தால் பெருக்கினேன். நடுமரத்தில்தான் அளக்கணும் என்றார். நியாயம்தான், மேலே போகப் போகச் சிறுக்குமே. ஏணி வைத்து 7 அடியில் அளந்தால் 35 அங்குலம். அப்படியும் 830 வருகிறது.

மிச்சத்தைப் பட்டை தின்கிறது. சுற்றளவில் 4 அங்குலம் கழிக்கிறார். கால் சுற்றளவுக் கணக்கே உருண்டை மரத்தின் உண்மையான கன அளவில் 21 சதவீதத்தை விழுங்கிவிடுகிறது, அதற்கு மேல் இது வேறு! இன்னொரு வியாபாரியிடமும் கேட்டேன். அவர் கன அடிப் பேச்சே எடுக்கவில்லை, "மொத்தமா ஒரு ரேட் சொல்லுங்க" என்கிறார். வெட்ட அனுமதிக்கு இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை.

இருபது வயதுத் தேக்கை நிற்கிறபடியே விற்றவர்கள் சொல்லுங்கள்: உங்களுக்குப் பட்டைக்கென்று சுற்றளவில் எத்தனை அங்குலம் கழித்தார்கள்?