மாயா, அஸ்டெக் தொல்லிடங்களுக்குக் குழுச் சுற்றுலா: எந்தத் திட்டத்தைத் தேர்ந்தெடுப்பது?

சத்துவாச்சாரி ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அரசுப் பள்ளியில் வரலாற்று ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். என்னைப் போன்ற சிலர் சேர்ந்து மகேந்திரவாடி, மாமண்டூர், மேல்பாடி, திருவல்லம் என்று வட ஆர்க்காட்டின் குடைவரைகளையும் கோயில்களையும் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறோம். ஒரு கல்வெட்டின் முன்னால் அரை நாள் நின்றாலும் யாரும் முகம் சுளிக்காத குழு எங்களுடையது.

அடுத்த குளிர்காலத்தில் மெக்சிகோவுக்குச் சென்றுவர வேண்டும் என்பது எங்களுக்கு நெடுநாள் ஆசை. மொழி தெரியாத தொலைநாடு என்பதால், வழிகாட்டியோடு கூடிய குழுச் சுற்றுலாவையே விரும்புகிறோம். ஒரு நிறுவனம் அனுப்பிய திட்டத்தில் மெக்சிகோ நகரம், தியோதிவாக்கான், பலென்கே, உஷ்மால், சிச்சென் இட்சா, துலும் ஆகியவற்றோடு குவாத்தமாலாவின் திக்காலும் இடம்பெற்றிருக்கிறது. ஆனால் பயணம் இரண்டு வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது. சிச்சென் இட்சாவுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். மெக்சிகோ நகரத்தின் தேசிய மானிடவியல் அருங்காட்சியகத்துக்கு நேரே "நேரம் இருந்தால்" என்று எழுதியிருக்கிறார்கள். இந்த அளவு நேரம் போதுமா? இடங்களைக் குறைக்கச் சொல்லலாம் என்றால் எதை விடுவது? எங்களில் சிலருக்கு முழங்கால் வலி உண்டு. பெரும்பாலோர் சைவ உணவுக்காரர்கள். சென்று வந்தவர்களும், இத்துறையைப் படித்தவர்களும் தங்கள் கருத்தைச் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

ஆம்பூர் காலணித் தொழிலர் எழுதியது:

வணக்கம் அம்மா. மெக்சிகோவில் தோலுக்கும் காலணிக்கும் பெயர் பெற்ற ஊர் லியோன். நம் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை மூன்றையும் ஒன்றாகச் சேர்த்தாற்போல் இருக்கும். தொழில் நிமித்தமாக அங்கே சென்றிருந்தபோது, வேலை முடிந்த பின் ஒரு வழிகாட்டிக் குழுவோடு சேர்ந்து தியோதிவாக்கானையும் யுகடான் பகுதியையும் பார்த்தேன்.

எந்தெந்த இடங்கள் பட்டியலில் உள்ளன என்பதைக் காட்டிலும், ஒவ்வோர் இடத்துக்கும் எத்தனை மணிக்குப் போய்ச் சேருகிறார்கள் என்பதையே தாங்கள் முதலில் கேட்க வேண்டும். சிச்சென் இட்சா காலை 8 மணிக்குத் திறக்கிறது. கான்குன் கடற்கரை விடுதிகளிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் கடந்து வரும் பேருந்துகள் முற்பகலில்தான் வந்து குவியும்; அதன் பிறகு வெயிலும் கூட்டமும் சேர்ந்துகொள்ள, வழிகாட்டி சொல்வது காதில் விழாது. முதல் நாள் இரவு அருகில் உள்ள வாயடோலிட் ஊரிலோ அதன் சுற்றுப்புறத்திலோ தங்க வைக்கும் திட்டம் நல்ல திட்டம். கான்குனிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பும் திட்டத்தைத் தவிர்ப்பது நலம். சிச்சென் இட்சாவில் நடுவண் அரசுக்கு ஒன்றும் மாநில அரசுக்கு ஒன்றுமாக இரண்டு நுழைவுக் கட்டணங்கள் உண்டு. இரண்டும் தொகையில் அடங்குமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

முழங்கால் வலியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். சிச்சென் இட்சாவின் பெரிய பிரமிடின் மீது ஏறுவதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே தடை செய்துவிட்டார்கள். உஷ்மாலின் மந்திரவாதிப் பிரமிடிலும் ஏற முடியாது. ஆகவே பெரும்பாலானவற்றை எல்லோருமே கீழே நின்றுதான் பார்க்கிறார்கள். உண்மையில் களைப்பைத் தருவது நடை. தியோதிவாக்கானின் நடு வீதி இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நிழலே இல்லாமல் நீள்கிறது. மெக்சிகோ நகரம் ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அதாவது உதகமண்டலத்தின் உயரம். தியோதிவாக்கான் அதற்கும் சற்று மேலே. நீண்ட வானூர்திப் பயணம் முடித்து இறங்கிய மறுநாளே அங்கே அழைத்துச் செல்லும் திட்டமாக இருந்தால், ஒரு நாள் தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

காட்பாடி வரலாற்று மாணவன் எழுதியது:

மதிப்புக்குரிய அம்மா அவர்களுக்கு வணக்கம். தங்கள் கேள்விக்கு நேர் விடை சொல்வதானால், "நேரம் இருந்தால்" என்று அவர்கள் எழுதிய அந்த அருங்காட்சியகத்துக்குத்தான் ஒரு முழு நாளைக் கேட்டுப் பெற வேண்டும். அதையும் பயணத்தின் தொடக்கத்திலேயே பெற வேண்டும்.

இத்தகைய திட்டங்கள் மாயாவையும் அஸ்டெக்கையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகின்றன. இரண்டுக்கும் இடையே இடத்தாலும் காலத்தாலும் பெரிய தொலைவு இருக்கிறது. திக்கால், பலென்கே போன்ற மாயா நகரங்கள் செழித்திருந்தது பெரும்பாலும் கி.பி. 250 முதல் 900 வரையிலான காலத்தில். அஸ்டெக் என்று நாம் அழைக்கும் மெஷிக்கா மக்கள், டெஷ்கோக்கோ ஏரியின் நடுவே இருந்த தீவில் தெனோச்தித்லானை நிறுவியது 1325இல் என்பது மரபு. அந்நகரம் ஸ்பானியரிடம் வீழ்ந்தது 1521 ஆகஸ்டு 13இல். மெஷிக்கா மக்கள் எழுச்சி பெறுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பலென்கே காடாகிவிட்டது. தங்களுக்கு நன்கு பழக்கமான காலக் கணக்கில் சொன்னால், மகேந்திரவாடியைக் குடைவித்த மகேந்திரவர்மன் இங்கே ஆண்டுகொண்டிருந்தபோது, 615இல் பலென்கேயில் பக்கால் என்ற மன்னன் அரியணை ஏறினான். தெனோச்தித்லான் வீழ்ந்த பதினாறாம் நூற்றாண்டிலேதான் நம் வேலூர்க் கோட்டை எழுந்தது.

தியோதிவாக்கானோ இந்த இரு மக்களுடையதும் அன்று. ஏறத்தாழ 65 மீட்டர் உயரமுள்ள சூரியப் பிரமிடைக் கட்டியவர்கள் தங்களை என்ன பெயரால் அழைத்துக்கொண்டார்கள் என்பதே இன்றுவரை தெரியவில்லை. மெஷிக்கா மக்கள் அந்நகரைப் பாழடைந்த நிலையில்தான் கண்டு வணங்கினார்கள். வானூர்தி வழியே ஆயிரம் கிலோமீட்டர் அளவு தள்ளியிருக்கும் திக்காலோடு அந்த நகரத்துக்கு இருந்த தொடர்பு என்னைப் பெரிதும் ஈர்ப்பது. 378ஆம் ஆண்டு சியாஹ் காக் என்ற படைத்தலைவன் மேற்கிலிருந்து திக்காலுக்கு வந்ததையும், அதே நாளில் அங்கிருந்த மன்னன் இறந்ததையும், அடுத்த ஆண்டு புதிய மன்னன் முடிசூட்டிக்கொண்டதையும் மாயாக் கல்வெட்டுகளே சொல்கின்றன. அந்தப் படைத்தலைவன் தியோதிவாக்கானோடு தொடர்புடையவன் என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. கல்வெட்டு வாசித்துப் பழகிய தங்கள் குழுவுக்கு இதை எடுத்துச் சொல்லத் தெரிந்த வழிகாட்டி கிடைத்தால், அது பெரும் பேறு.

அருங்காட்சியகத்தை முதலில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தொல்லிடங்களில் கண்டெடுத்த அரும்பொருள்கள் பலவும் அங்கேதான் இருக்கின்றன. பலென்கேயின் கல்வெட்டுக் கோயிலுக்கு அடியில் பக்காலின் கல்லறையை ஆல்பர்டோ ரூஸ் 1952இல் திறந்தார். இன்று பலென்கேயில் அந்தக் கோயிலின் மீது ஏறவோ கல்லறைக்குள் இறங்கவோ பொதுவாக அனுமதி இல்லை. அந்தக் கல்லறையின் முழு அளவு மாதிரியும், மன்னனின் பச்சைக்கல் முகமூடியும் மெக்சிகோ நகர அருங்காட்சியகத்தில் உள்ளன. அஸ்டெக் மக்கள் செதுக்கிய, ஏறத்தாழ 24 டன் எடையுள்ள சூரியக் கல்லும் அங்கேதான் இருக்கிறது. அதைப் போலவே தெனோச்தித்லானின் பெருங்கோயிலான தெம்ப்லோ மயோரையும் விட்டுவிடக் கூடாது. 1978 பிப்ரவரியில் மின்வாரியத் தொழிலாளர்கள் பள்ளம் தோண்டியபோது கோயோல்ஷௌகி தேவியின் வட்டக்கல் வெளிப்பட, எதுவார்தோ மாத்தோஸ் மொக்தெசுமா தலைமையில் அகழாய்வு நடந்தது. ஒரு கோயிலின் மேல் இன்னொன்றாகப் பலமுறை விரித்துக் கட்டிய அடுக்குகளை நகரத்தின் நடுவிலேயே காணலாம். அஸ்டெக் என்ற பெயருக்கு உரிய பெரிய இடம் தங்கள் திட்டத்தில் இது ஒன்றுதான். இரண்டு அருங்காட்சியகங்களுக்கும் திங்கட்கிழமை விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை உள்நாட்டினருக்குக் கட்டணம் இல்லாததால் கூட்டம் மிகுதி.

விட வேண்டியது எது என்றால், துலும் என்பேன். அழகிய கடற்கரை இடம்தான். ஆயினும் தங்கள் நோக்கத்துக்கு மற்றவை அளவுக்கு அது உதவாது. திக்காலையும் விட்டுவிட்டு, மிச்சமாகும் நாள்களைப் பலென்கேக்கும் உஷ்மாலுக்கும் கொடுக்கலாம்.

காவேரிப்பாக்கம் ஏரிக்கரையான் எழுதியது:

முன்னவர் சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். திக்காலை விடுவதை மட்டும் ஏற்க இயலவில்லை. இவ்வளவு தொலைவு இன்னொரு முறை செல்வது நம்மில் பலருக்கும் அரிது. நகரங்களின் அளவை உணர்வதற்குத் திக்காலைப் போன்ற இடம் வேறில்லை. காட்டு மரங்களின் தலைக்கு மேலே கோபுரங்களாகக் கோயில்கள் நிற்கும் காட்சியை, நான்காம் கோயிலின் பக்கத்தில் அமைத்துள்ள மரப்படிகள் வழியே ஏறிப் பார்க்கலாம். அக்கோயில்களின் வாயில் உத்தரங்களைச் சப்போட்டா மரத்தால் செய்திருக்கிறார்கள். ஆயிரத்து இருநூறு ஆண்டுகள் கடந்தும் சில உத்தரங்கள் நிலைத்திருக்கின்றன.

ஏரிப் பாசனத்தோடு வளர்ந்தவன் என்பதால் இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். திக்காலுக்கு அருகில் ஆறு கிடையாது. கற்பாவிய முற்றங்களைச் சரிவாக அமைத்து, மழைநீரை நீர்த்தேக்கங்களுக்குத் திருப்பி, வறண்ட மாதங்களைக் கடத்தியிருக்கிறார்கள். உஷ்மாலில் நிலத்துக்குள் குடுவை வடிவில் தொட்டிகள் வெட்டி, உட்புறம் சுண்ணாம்புச் சாந்து பூசி மழைநீரைச் சேமித்தார்கள். அங்குள்ள கட்டடங்களில் மழைக் கடவுள் சாக்கின் நீண்ட மூக்கு முகங்கள் வரிசை வரிசையாக இருப்பதன் பொருள் அப்போது விளங்கும். வழிகாட்டிகள் பலியைப் பற்றியே அதிகம் பேசுவார்கள். தண்ணீரைப் பற்றித் தாங்களாகவே கேளுங்கள்.

ஜவ்வாதுமலை வான்நோக்கி எழுதியது:

காவலூர் வானாய்வகத்துக்கு அருகில் வளர்ந்தவன் என்பதால், சிச்சென் இட்சாவுக்கு இரண்டு மணி நேரம் என்பதைப் படித்து வருத்தப்பட்டேன். அங்குள்ள பெரிய பிரமிடில் பக்கத்துக்கு 91 படிகளாக நான்கு பக்கமும் சேர்த்து 364. உச்சி மேடையையும் கூட்டினால் 365. மார்ச்சு, செப்டம்பர் மாதங்களில் பகலும் இரவும் ஒத்திருக்கும் நாள்களை ஒட்டி, மாலையில் வடக்குப் படிக்கட்டின் கைப்பிடிச் சுவரில் முக்கோண ஒளித்துண்டுகள் விழுந்து, அடியில் உள்ள பாம்புத் தலையோடு சேர்ந்து, ஒரு பாம்பு இறங்குவதைப் போல் தோன்றும். விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீசுவரர் கோயிலில் உள்ள நேரங்காட்டும் கல்லைப் பார்த்திருப்பீர்கள். நிழலைக் கொண்டு காலத்தைப் படிக்கும் அறிவு அங்கும் இருந்தது. அந்த ஒரு நாளுக்காக மட்டும் பயணத்தை மாற்ற வேண்டாம். கூட்டம் மிக அதிகம். முன்பின் சில நாள்களிலும் அந்தக் காட்சி தெரியும்.

அங்கேயே கரக்கோல் என்ற வட்டக் கட்டடம் இருக்கிறது. அதன் சாளரங்கள் சில, வெள்ளிக் கோள் அடிவானத்தில் மறையும் வடக்கு, தெற்கு எல்லைத் திசைகளை நோக்கி அமைந்துள்ளன என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வெள்ளியின் சுழற்சியை மாயாக்கள் 584 நாள் என்று கணக்கிட்டு, ஐந்து சுழற்சிகள் எட்டு ஆண்டுகளுக்குச் சமம் என்று அறிந்திருந்தார்கள். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உள்ள மாயா ஏட்டில் அந்த அட்டவணை இருக்கிறது. 1562இல் மானி என்ற ஊரில் டியேகோ டி லாண்டா என்ற பாதிரியார் மாயா ஏடுகளை எரித்தார். இன்று எஞ்சியிருப்பவை நான்கே. எவ்வளவு அறிவு சாம்பலாயிற்று என்பதை எண்ணும்போதெல்லாம் மனம் கனக்கிறது. கரக்கோலை நின்று பார்க்கக் குறைந்தது அரை நாள் கேளுங்கள்.

சத்துவாச்சாரி ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. துலுமை நீக்கி, அருங்காட்சியகத்துக்கும் தெம்ப்லோ மயோருக்குமாக இரண்டு நாள் கேட்கப் போகிறோம். திக்காலைப் பற்றிக் குழுவில் பேசி முடிவு செய்வோம். வழிகாட்டியின் தகுதியை எப்படி அறிவது, விசாவுக்கு என்ன செய்வது, உணவுக்கு என்ன வழி என்பவற்றையும் யாரேனும் விளக்க வேண்டுகிறேன்.

ஆம்பூர் காலணித் தொழிலர் எழுதியது:

அம்மா, மெக்சிகோவில் தொழில்முறை வழிகாட்டிகளுக்கு அரசின் சுற்றுலாத் துறை அங்கீகார அட்டை தருகிறது. குழுவோடு முழுப் பயணமும் வரும் மேலாளர் வேறு, அந்தந்த இடத்தில் விளக்கம் சொல்லும் அட்டை பெற்ற வழிகாட்டி வேறு. இரண்டாமவர் ஒவ்வோர் இடத்திலும் உண்டா, அவர் ஆங்கிலத்தில் விளக்குவாரா, ஒருவருக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். யுகடான் தீபகற்பத்தில் இன்றும் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாயா மொழி பேசுகிறார்கள். அவர்களில் ஒருவரே வழிகாட்டியாக அமைய வேண்டும் என்று கேட்டால் பல நிறுவனங்கள் ஏற்பாடு செய்து தருகின்றன.

செல்லத்தக்க அமெரிக்க விசா வைத்திருக்கும் இந்தியருக்கு மெக்சிகோவின் தனி விசா தேவைப்படுவதில்லை. இத்தகைய விலக்கு எதுவும் இல்லாதவர்கள் புது தில்லியில் உள்ள மெக்சிகோ தூதரகத்தின் வழியே விண்ணப்பிக்க வேண்டும். சென்னையிலிருந்து நேரடி வானூர்தி இல்லை. அமெரிக்கா வழியாகச் சென்றால் இடைமாறுவதற்கே அந்நாட்டு விசா வேண்டும் என்பதை நினைவில் வைத்துப் பயணச்சீட்டை எடுங்கள். குவாத்தமாலாவின் விதிகளைத் தனியே விசாரித்துக்கொள்வது அவசியம்.

உணவைப் பொறுத்தவரை, சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்துச் சுடும் தோர்த்தியா, அவரை வகைகள், வெண்ணெய்ப்பழம், சப்பாத்திக்கள்ளியின் இளமடல் ஆகியவற்றைக் கொண்டு சைவர்கள் நன்றாகவே சாப்பிடலாம். ஆனால் வேகவைத்து மசித்த அவரையில் பன்றிக் கொழுப்பைச் சேர்ப்பது அங்கே வழக்கம். பார்வைக்கும் சுவைக்கும் அது தெரியாது. இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் மட்டும் போதாது. பன்றிக் கொழுப்பும் இறைச்சிச் சாறும் கூடாது என்று ஸ்பானிய மொழியில் எழுதி வாங்கி, ஒவ்வொருவரும் ஒரு படி கையில் வைத்துக்கொள்ளுங்கள்.