துருக்கியில் ரோமானி ஆட்டம் பார்த்தவர்கள் எழுதுங்கள்

இஸ்தான்புல் ரிட்டர்ன்:

துருக்கி பெல்லி டான்ஸ் என்று பேச்செடுத்தாலே ஜிகினாப் பாவாடையும் மேடை விளக்கும்தான் நம் ஆட்களுக்கு நினைவுக்கு வருகிறது. நான் இஸ்தான்புல்லில் வேலைபார்த்தபோது அலுவலகத் தோழி ஒருத்தி தன் உறவுக்காரர் கல்யாணத்துக்குக் கூட்டிப்போனாள். அவர்கள் ரோமானிகள், அதாவது வெளியார் ஜிப்சி என்று அழைக்கும் மக்கள், அங்கே ரோமன் என்பார்கள். மண்டபம் இல்லை. தெருவை இரண்டு பக்கமும் அடைத்து பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். ஒரு கிளாரினெட், ஒரு தர்புகா என்ற கைமுரசு, கீபோர்டு, காதைக் கிழிக்கிற ஸ்பீக்கர்.

ஆட வந்தவர்களில் ஜிகினா உடுத்தியவர் யாரும் இல்லை. பூப்போட்ட பாவாடை, ஜீன்ஸ், இடுப்பில் முடிந்த ஸ்கார்ஃப். என் பார்வை போனது அவர்கள் கைகளின் மேல்தான். முஷ்டியை மடக்கி வயிற்றுக்கு முன்னால் தட்டுகிறார்கள். துணி தேய்க்கிறார்கள், பிழிகிறார்கள், உதறுகிறார்கள், எல்லாம் வெறுங்கையால், தாளம் பிசகாமல். இடுப்பு பெரிதாகச் சுழலவே இல்லை. வயிற்றைச் சின்னதாக ஒரு வெட்டு, தோளில் ஒரு குலுக்கல், எதிரே ஆடுகிறவரை ஒரு பார்வை, உடனே தெரு முழுக்கக் கூச்சல். அன்றைக்கு எல்லாரையும்விட நன்றாக ஆடியது மணப்பெண்ணின் பாட்டி. நின்ற இடத்தைவிட்டு ஒரு சாண் நகரவில்லை அந்த அம்மா. பேத்திகள் தாளத்தைத் துரத்தினார்கள், பாட்டி அதைக் காக்கவைத்தார்.

நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள். கப்பலில் பார்த்தவர்களும் வரலாம், திட்டமாட்டேன்.

கப்பலில் பார்த்தவன்:

சரி, நான்தான் அந்தக் கப்பல்காரன். இஸ்தான்புல்லின் நடுவே ஓடும் பாஸ்பரஸ் நீரிணையில் இரவுச் சாப்பாட்டோடு 'துருக்கிய இரவு' என்று ஒரு டிக்கெட். இசை முழுக்க ரெக்கார்டு. ஆடிய பெண் நன்றாகவே ஆடினார். விரல்களில் ஜில் என்கிற சின்னத் தாளங்களைப் போட்டுக்கொண்டு, ஆட்டம் ஒரு பக்கம், கைத்தாளம் ஒரு பக்கம் என்று இரண்டையும் தனித்தனியாக ஓட்டினார். முட்டிபோட்டுப் பின்னால் சாய்ந்து, தலை தரையைத் தொட்டு எழுந்தபோது நான் மட்டும்தான் கைதட்டினேன். மற்றவர்கள் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் பயணிகளை மேடைக்கு இழுத்து ஆடவிட்டு போட்டோ எடுத்து விற்றார்கள். அந்தப் பகுதியை விட்டுவிடுகிறேன்.

அக்கா, ஒரு சந்தேகம். நான் பார்த்ததும் நீங்கள் பார்த்ததும் ஒரே ஆட்டமா?

இஸ்தான்புல் ரிட்டர்ன்:

இல்லை தம்பி, ஆனால் அக்கம்பக்கத்து வீடுகள். நீங்கள் பார்த்தது ஒரியன்டல், மேடைக்கான ஆட்டம். உஸ்மானியர் காலத்தில் செங்கி என்ற பெண் ஆட்டக்காரர்களும், கொச்செக் என்ற, பெண் உடையில் ஆடும் பையன்களும் குழுக்களாக இருந்தார்கள். அவர்களில் ரோமானிகள் நிறைய. யூதர், கிரேக்கர், ஆர்மேனியர்களும் உண்டு. கொச்செக் ஆட்டத்தை 19ஆம் நூற்றாண்டில் தடைசெய்தார்கள். 20ஆம் நூற்றாண்டில் காசினோ என்று அங்கே சொல்லும் பாட்டுக் கேளிக்கை அரங்குகள் வந்தன. சூதாட்டம் இல்லை, சாப்பாடும் பாட்டும்தான். எகிப்திய சினிமாவின் பாணியும் அங்கே கலந்து இன்றைய ஒரியன்டல் உருவானது. 1980ஆம் ஆண்டின் கடைசி இரவில் அரசுத் தொலைக்காட்சியான டிஆர்டியில் நெஸ்ரின் தோப்காபி ஆடினார். அரசு சேனலில் பெல்லி டான்ஸ் அதுவே முதல்முறை. அதன்பின் அந்த ஆட்டம் வீட்டு வரவேற்பறைக்கு வந்துவிட்டது.

நான் தெருக் கல்யாணத்தில் பார்த்தது ரோமன் ஹவாசி என்ற ரோமானி ஆட்டம். அதற்குத் தாளமே வேறு.

தவில் வீட்டுப் பிள்ளை:

தாளம் என்று சொன்னதால் உள்ளே வருகிறேன். நான் துருக்கிக்குப் போனதில்லை. ஜெர்மனியில் என் பக்கத்துக் குடியிருப்பில் துருக்கியின் கெஷான் ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார், தர்புகா வாசிப்பார். அவரோடு உட்கார்ந்து கற்றுக்கொண்டது இது.

ரோமன் ஹவாசி ஒன்பது எண்ணிக்கை, 2+2+2+3. வாயால் சொல்லிப் பாருங்கள்: தக தக தக தகிட. நம் சங்கீர்ண நடையும் ஒன்பதுதான், ஆனால் நாம் பெரும்பாலும் தகதிமி தகதகிட என்று நாலும் ஐந்துமாகப் பிரிப்போம். அங்கே மூன்று குட்டை, கடைசியில் ஒரு நெட்டை. அந்த நெட்டை அடியில் கிடைக்கிற கூடுதல் இடத்தில்தான் ஆடுகிறவர் விளையாடுவார். அக்கா சொன்ன பாட்டி தாளத்தைக் காக்கவைத்தது அங்கேயாகத்தான் இருக்கும். இதே ஒன்பதை மிக நிதானமாக வாசித்தால் ஆயிர் ரோமன். வேகமாக ஆடுவதைவிட அது கஷ்டம், ஒளிய இடமே கிடையாது. துருக்கியின் ஐரோப்பியப் பக்கமான திரேஸ் பகுதியில் எதிரெதிராக நின்று ஆடும் கர்ஷிலாமாவும் ஒன்பதுதான். மேடை ஒரியன்டலில் அதிகம் கேட்கும் சிஃப்தெதெல்லி தாளம் எட்டு எண்ணிக்கை.

வாத்தியத்தில் ராஜா கிளாரினெட். ஐரோப்பிய ஆர்க்கெஸ்ட்ராவில் இருப்பது அல்ல, ஜி சுருதியில் நீளமாக, கனத்த குரலில் பேசும் வகை. உதட்டாலும் விரலாலும் சுரத்தை வழுக்கிக்கொண்டே போவார்கள். ஏ.கே.சி. நடராஜன் கிளாரினெட்டில் கமகம் வாசித்ததைக் கேட்டு வளர்ந்த எனக்கு அது அந்நியமாகவே படவில்லை. முஸ்தபா கந்திராலி, 2014இல் காலமான செலிம் செஸ்லர், இந்த இரண்டு பேரைத் தேடிக் கேளுங்கள். செலிம் கெஷான்காரர், பக்கத்து வீட்டுக்காரர் அவர் பெயரைச் சொல்லும்போது எழுந்து நிற்காத குறைதான்.

கருத்துக் கந்தசாமி:

இதெல்லாம் ராஜஸ்தானிலிருந்து போனதுதானே சார். அங்கே பாம்பாட்டிச் சமூகத்தார் ஆடும் கல்பேலியா ஆட்டத்தைப் பார்த்தால் போதும்.

தவில் வீட்டுப் பிள்ளை:

ஆட்கள் போனது உண்மை. ரோமானிகளின் முன்னோர் ஏறக்குறைய ஆயிரம் வருடத்துக்கு முன்னால் வடமேற்கு இந்தியாவை விட்டுக் கிளம்பினார்கள் என்பதை அவர்கள் மொழியே காட்டுகிறது. ஆட்டமும் அப்படியே பொட்டலம் கட்டிப் போனது என்பதற்கு ஆதாரம் கிடையாது. ஸ்பெயினில் அவர்கள் ஃபிளமெங்கோ ஆடுகிறார்கள், பால்கனில் சோச்செக், துருக்கியில் இது. போன இடத்து இசையை எடுத்து அந்த ஊர்க்காரனைவிட நன்றாக வாசிப்பவர்கள் அவர்கள். அந்தப் பெருமையை அவர்களிடமே விட்டுவிடலாமே.

எடிர்னே போனவள்:

நான் ககாவா என்ற ரோமானி வசந்தத் திருவிழாவைப் பார்த்தேன். எடிர்னே, கிரேக்க, பல்கேரிய எல்லைகளை ஒட்டிய ஊர். மே 5 மாலை சாராயிச்சி மைதானத்தில் பெரிய தீ மூட்டுகிறார்கள். கிர்க்பினார் எண்ணெய் மல்யுத்தம் நடப்பதும் அங்கேதான். தாவுல் என்ற பெரிய மேளமும் ஜுர்னா என்ற, நாதஸ்வரம் மாதிரியான குழலும் முழங்க ஆளாளுக்குத் தீயைத் தாண்டுகிறார்கள். துருக்கி முழுக்க வசந்தத்துக்குக் கொண்டாடும் ஹிதிரெல்லெஸின் ரோமானி வடிவம் இது. ஹிதிரெல்லெஸை யுனெஸ்கோ 2017இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

கூட்டத்துக்குத் தயாராகப் போங்கள். அரசியல்வாதி பேச்சு, டிவி கேமரா, போலீஸ் எல்லாம் உண்டு. மாலை நிகழ்ச்சி எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. மறுநாள் விடியலில் துன்ஜா ஆற்றங்கரைக்குப் போனதுதான் விசேஷம். கல்யாண கவுன் உடுத்திய இளம்பெண்கள், தோளில் குழந்தையோடு அப்பாக்கள், கைத்தடியோடு தாத்தாக்கள். தண்ணீரில் இறங்கி முகமும் கையும் கழுவி வேண்டிக்கொள்கிறார்கள். பக்கத்திலேயே ஆட்டம் நடக்கிறது, மேடை இல்லை, பார்வையாளர் என்று தனியாக யாரும் இல்லை. ஜுர்னாக்காரர் ஒருவர் ஒரு குடும்பத்துக்கு எதிரே நின்று வாசித்தார். அந்த வீட்டுப் பெண்கள் ஷல்வாரைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஈரக்காலோடு, முழங்கால் மடித்துக் குதித்து ஆடினார்கள். ஆண்களும் ஆடினார்கள், அதையும் சொல்ல வேண்டும். இங்கே இணையத்தில் யாரும் ஆண்கள் ஆடுவதைப் பகிர்வதே இல்லை. தோளை விரித்து, விரலைச் சொடுக்கி, உடம்பு தளர்வாக ஆடினார் ஐம்பது வயதுக்காரர் ஒருவர். எனக்கு அந்தக் காலைப்பொழுதில் மனசில் நின்றவர் அவர்தான்.

நகரமைப்பு மாணவன்:

ஆட்டத்தை ரசிப்பது பற்றியே எல்லாரும் எழுதுகிறீர்கள். ஆடியவர்கள் எங்கே போனார்கள் என்று கொஞ்சம் சொல்கிறேன். படிப்புக்காகப் போனபோது இஸ்தான்புல்லில் சுலுகுலே இருந்த இடத்தைச் சுற்றி நடந்தேன். பழைய பைசாந்தியக் கோட்டைச் சுவரை ஒட்டிய ரோமானிக் குடியிருப்பு அது, பல நூற்றாண்டுப் பழமை. அங்கே வீடுகளே கேளிக்கை வீடுகள். நகரத்துக்காரர்கள் இரவில் வருவார்கள். வீட்டு அறையில் மேசை போட்டு, அந்தக் குடும்பமே வாசித்து, ஆடி, சாப்பாடு பரிமாறும். குழந்தைகள் அந்தச் சுவருக்குள்ளேயே தாளம் கற்றார்கள். 1990களின் தொடக்கத்தில் போலீஸ் அந்த வீடுகளை மூடியது. வருமானம் போனது, தெரு நொடித்தது. நொடித்த தெருவைக் காட்டி, 2005இல் வந்த நகரப் புதுப்பிப்புச் சட்டத்தின்கீழ், மொத்தத்தையும் இடித்தார்கள். 2009க்குள் ஏறக்குறைய முடிந்துவிட்டது. வாடகைக்கு இருந்தவர்களுக்குச் சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி தாஷொலுக்கில் அடுக்குமாடி வீடுகள், மாதத் தவணையோடு. கிளாரினெட்காரனுக்கு அங்கே இரவு வேலை ஏது? பலர் அதை விட்டுவிட்டுப் பழைய இடத்துக்குப் பக்கத்தில் கரகும்ருக்கிலேயே வாடகைக்குத் திரும்பினார்கள். 2012இல் நீதிமன்றம் திட்டத்தை ரத்துசெய்தது. அதற்குள் புது வீடுகள் எழும்பிவிட்டன. இப்போது இருப்பது உஸ்மானிய பாணிச் சாயல் பூசிய அடுக்கு வீடுகள். நான் போன மாலையில் தெருவில் ஒரு தாளமும் கேட்கவில்லை.

கல்யாணத்துக்கு அவர்களை அழைப்பார்கள், பக்கத்து வீட்டில் குடிவைக்க மாட்டார்கள். துருக்கிக்காரர்கள் சிலர் என்னிடமே கூச்சமில்லாமல் சொன்னார்கள். ஹோட்டலில் 'ஜிப்சி நைட்' விளம்பரத்தைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

கப்பலில் பார்த்தவன்:

அப்படியானால் போகவே கூடாதா? வாசிப்பவருக்குப் பணம் கொடுப்பது மரியாதைக்குறைவா?

இஸ்தான்புல் ரிட்டர்ன்:

தாராளமாகப் போங்கள், இசை நேரடியாக வாசிக்கும் இடமாகப் பார்த்துப் போங்கள். பணமும் கொடுங்கள், அது அங்கே வழக்கம்தான். அந்தக் கல்யாணத்தில் கிளாரினெட்காரர் நெற்றியில் நோட்டை ஒட்டினார்கள். வேர்வையில் நன்றாகவே ஒட்டுகிறது. ஆடுகிற பெண்ணின் உடையில் மட்டும் செருகாதீர்கள். தட்டில் வையுங்கள், இல்லாவிட்டால் வாசிப்பவர் கையில் கொடுங்கள், பிரித்துக்கொள்வார்கள். வீடியோ எடுப்பதானால் முதலில் கேளுங்கள். பாட்டி எடுக்கவிடவில்லை, அதனால்தான் இங்கே போடவில்லை.